உடையாத நீலக் கோடு

பள்ளத் தெருவில் விழும் மழைக்குப் போக்கிடம் கிடையாது. மேட்டிலிருந்து இறங்கி வரும் தண்ணீரும் அங்கேதான் வந்து சேரும். சேர்ந்தது லேசில் கிளம்பாது, விருந்துக்கு வந்துவிட்டு ஊருக்குப் போக மறந்த சம்பந்தி மாதிரி. அதைக் கிளப்பி ஆற்றுக்கு அனுப்புவதற்கென்றே தெருக்கோடியில் ஒரு பம்ப் அறை இருந்தது. தகரக் கூரை, இரும்புக் கதவு, சுவரெல்லாம் டீசல் வாடை. அதைப் பார்த்துக்கொண்டவளை எல்லோரும் பம்பக்கா என்றார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்த்திருக்க மாட்டாள்.

அறைக்குள் இரண்டு பேர் குடியிருந்தார்கள். ஒன்று கரண்டில் ஓடும் புது மோட்டார். மற்றொன்று அதற்கு முந்திய காலத்து டீசல் எஞ்சின், கைப்பிடி போட்டுச் சுற்றினால்தான் எழுந்திருக்கும். அவள் புருஷன் மோட்டாரை மாப்பிள்ளை என்பான், எஞ்சினை மாமனார் என்பான். "மாப்பிள்ளைக்குத் தினமும் மரியாதை. ஆனா ஆபத்துன்னா மாமனார் வீட்டுக்குத்தான் ஓடணும்." அப்படிச் சொல்லிச் சிரித்தவன் இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சலில் போய்விட்டான். அவன் பார்த்த வேலை அவளுக்கு வந்தது.

அன்று மதியச் சோற்று வேளையில் கரண்ட் போனது. மாப்பிள்ளை ஓய்ந்தார். பம்பக்கா கைப்பிடியைச் சுற்றி மாமனாரை எழுப்பினாள். எழுந்தார், நன்றாகத்தான் ஓடினார். மழை வலுத்துக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில் எஞ்சின் இருமியது. புகை கறுத்து, பிறகு வெளுத்தது. கடைசியாக நெடுமூச்சு ஒன்று விட்டு நின்றுவிட்டது. மறுபடி சுற்றினாள், தோள்பட்டை கழன்றுவிடும் போலச் சுற்றினாள். அசைவில்லை. கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.

கொழுந்தன் மேட்டுப் பக்கம் ஒரு லாரிப் பட்டறையில் மெக்கானிக். வீட்டில் புருஷனைப் பெரியவன் என்றும் இவனைச் சின்னவன் என்றும் கூப்பிட்டுப் பழக்கம். பெரியவன் இல்லாத பிறகும் இவன் சின்னவனாகவே இருந்தான். கருவிப் பையை ஒரு கோணிக்குள் சுருட்டி, முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து சேர்ந்தான்.

"என்ன அண்ணி, மாமனார் கோவிச்சுக்கிட்டாரா?"

"நல்லா ஓடிக்கிட்டிருந்துச்சு தம்பி. திடீர்னு இருமிச்சு, நின்னுடுச்சு."

"டேங்குல டீசல் இருக்குல்ல? முறைக்காதீங்க. போன வாரம் ஒருத்தன் லாரியக் கயிறு கட்டி இழுத்துக்கிட்டு வந்தான். பாத்தா டேங்கு காலி. அவன் மூஞ்சிய நீங்க பாத்திருக்கணும்."

பேசிக்கொண்டே டீசல் குழாயைக் கழற்றிப் பார்த்தான். டீசல் வந்தது. கொஞ்சம் பழுப்பாக, நடுவே தண்ணீர் முத்துகளோடு வந்தது. அடுத்த இணைப்பைத் தளர்த்தினான், அங்கேயும் வந்தது. எஞ்சினின் டீசல் பம்புக்குள் நுழையும் வாய் வரைக்கும் வந்து, அதற்கு மேல் போகாமல் நின்றது.

"தொண்டையில அடைப்பு," என்றான். "உள்ள இருக்கிற சல்லடைதான். கழுவிப் போட்டா எழுந்துடுவாரு."

அந்த வாயை மூடியிருப்பது ஒரு போல்ட். வெளியே பார்த்தால் மற்றவற்றைப் போலத்தான். ஆனால் உள்ளே பொள்ளல். டீசல் அதன் வயிற்றுக்குள் புகுந்துதான் பம்புக்குப் போகவேண்டும். அந்த வயிற்றில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு கம்பிச் சல்லடை. அதை விட்டால் வேறு வழி கிடையாது. ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்னால் அதைத் திறந்து கழுவ வேண்டும் என்பது அறையில் எழுதாத சட்டம்.

சின்னவன் ஸ்பேனரை மாட்டி, ஒரு கையால் தள்ளினான். பிறகு இரண்டு கையால் தள்ளினான். போல்ட் கல்லாக நின்றது.

"மழைக்கு முன்னாடி இதைத் திறந்தீங்கல்ல அண்ணி?"

"ம்," என்றாள்.

திறக்கவில்லை. இந்த மழைக்கும் இல்லை, போன மழைக்கும் இல்லை.

அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு போல்ட்டை முறுக்கி முடித்ததும், அதன் தலையிலிருந்து எஞ்சின் உடம்பு வரைக்கும் பெயிண்டில் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். அதிர்வில் போல்ட் கொஞ்சம் நகர்ந்தாலும் கோடு இரண்டாக விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். ஆளுக்கு ஒரு நிறம். பெரியவனுக்கு நீலம், சின்னவனுக்கு மஞ்சள். யார் முறுக்கியது, ஏதாவது ஆனால் யார் பதில் சொல்ல வேண்டும் என்பதை எஞ்சினைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பம்பக்கா தனக்கென்று நிறம் எடுத்துக்கொள்ளவில்லை. புருஷனுடைய நீல டப்பா பாதி மிச்சம் இருந்தது, அதையே வைத்துக்கொண்டாள்.

முதல் வருஷம் எஞ்சினைப் பிரித்துத் துடைத்தபோது, தான் எதை அழிக்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினாள், மாட்டினாள், பழைய கோட்டைச் சுரண்டிவிட்டுத் தன் கோட்டை இழுத்தாள். பாதிக்கு மேல் முடிந்த பிறகுதான் கண்ணில் பட்டது. பெரியவன் கோடு இழுத்தால் முடிவில் பிரஷ்ஷை மேலே சுண்டி எடுப்பான். அங்கே கொக்கி மாதிரி ஒரு வளைவு விழும். அவளுடைய கோடுகளில் அந்தக் கொக்கி இல்லை. அவன் கையை அவளே ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தாள். கடைசியாக மிஞ்சியது சல்லடை போல்ட். ஸ்பேனரை அதில் மாட்டினாள், எடுத்தாள். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று மேலே கொஞ்சம் கிரீஸைத் தடவி மூடிவிட்டாள். மாதத்துக்கு ஒரு நாள் எஞ்சினைச் சும்மா ஓட்டிப் பார்த்தாள். ஓடியது. ஓடுகிற எஞ்சினை யார் சந்தேகப்படுவார்கள்? சின்னவன் கேட்ட போதெல்லாம் கழுவிட்டேன் என்றாள்.

"போன மாசம் திறந்தது இப்படியா பிடிக்கும்?" சின்னவன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டான். "அலுமினிய உடம்பு, இரும்பு போல்ட்டு. நடுவுல ஈரம் போனா உப்புப் பூத்து ரெண்டையும் ஒண்ணாக்கிடும். இவ்வளவு ஒத்துமையா எந்தப் புருஷன் பொண்டாட்டியும்..." சொல்ல வந்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "கெட்டில்ல தண்ணி வைங்க அண்ணி. நல்லாக் கொதிக்கட்டும். டீசலுக்குப் பக்கத்துல நெருப்பு காட்ட முடியாது, வெந்நீர்தான்."

மூலையில் அவள் டீ போடும் ஸ்டவ் இருந்தது. பற்றவைத்தாள்.

"நீளமான பைப்ப மாட்டித் தள்ளினா வராதா தம்பி?"

"வரும். தலை மட்டும் வரும். உள்ள பொள்ளலா இருக்கு, கழுத்து ஒடிஞ்சுடும். அப்புறம் மாமனாருக்கு இன்னிக்குச் சங்குதான்."

தண்ணீர் கொதிப்பதற்குள் போன் வந்தது. சின்னவன் பெண்டாட்டி. கை முழுக்க எண்ணெய் என்பதால் போனை எஞ்சின் மேலேயே வைத்து ஸ்பீக்கரில் போட்டான். அவர்கள் வீடு இதே பள்ளத் தெருவின் நடுவில்தான் இருந்தது, தெருவிலேயே தாழ்வான இடத்தில். அவனுடைய அப்பாவும் அங்கேதான் கிடந்தார். வாதம் வந்து இடது பக்கம் விழுந்துபோன ஆள். ஒரு காலத்தில் மூட்டை தூக்கிய உடம்பு, இப்போது நாலு பேர் சேர்ந்தால்தான் புரட்டலாம்.

"என்னங்க, தண்ணி கூடத்துக்கு வந்துடுச்சு. கட்டிலுக்குக் கல்லு குடுத்து உசத்திட்டேன். பக்கத்து வீட்டு ஆளுங்க கதவுப் பலகை எடுத்துக்கிட்டு வந்திருக்காங்க, மாமாவை அதுல வச்சு முனை மாடி வீட்டுக்குத் தூக்கிடலாம்னு. இவரு வரமாட்டேங்கிறாரு. நீங்களே சொல்லுங்க."

"டேய்!" என்று கிழவரின் குரல் குறுக்கே வந்தது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்ததால் வார்த்தைகள் வழுக்கி வழுக்கி வந்தன. "போன தடவ இவனுங்க தூக்கினப்பதான் என் இடுப்பு போச்சு. மறுபடியும் பலகையா? பலகையில போறதுக்கு இன்னும் நாள் இருக்குடா எனக்கு."

"அப்பா, தண்ணி வருதுப்பா."

"வரட்டும். ஒரு தவளை வந்து கட்டில் கால்ல உக்காந்து என்னையே பாக்குது. வாடகை கேட்டேன், பதில் இல்ல. பெரியவன் பொண்டாட்டி பக்கத்துல இருக்காளா? அவ இருக்கிறப்ப பம்ப் நிக்காதுடா. என்னம்மா?"

பம்பக்கா கெட்டிலைத் தூக்கியபடி நின்றாள். "பாத்துக்கிட்டிருக்கோம் மாமா," என்றாள்.

சின்னவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்தது சந்தேகம் இல்லை. மெக்கானிக் மெக்கானிக்கிடம் கேட்கிற கேள்வி. "அண்ணி, இது வந்துடும்ல? புதுசாத்தானே முறுக்கினது. பழைய பிடிப்புன்னா பொழுது போயிடும், சொல்ல முடியாது. ஒரு மாசத்துப் பிடிப்புன்னா சூடு பட்டதும் விட்டுடும்."

அவன் கேட்டதற்கு ஒரே ஒரு சரியான பதில்தான் இருந்தது. அது அவள் நாக்கு வரைக்கும் வந்தது. எஞ்சின் மேல் கிடந்த போனில் மழைச் சத்தமும், பக்கத்து வீட்டுக்காரர்கள் பலகையைச் சுவரில் சாய்க்கும் சத்தமும் கேட்டன.

"வந்துடும்," என்றாள்.

"அப்ப தூக்க வேணாம்," என்று சின்னவன் போனில் சொன்னான். "இடுப்பு மறுபடி போச்சுன்னா தாங்கமாட்டாரு. கொஞ்ச நேரம் பொறுங்க. சத்தம் கேக்கும் பாரு, தண்ணி தானா இறங்கும்."

போன் அணைந்தது. கொதிக்கும் தண்ணீரைத் துணியில் ஊற்றி போல்ட்டைச் சுற்றி வைத்தார்கள். சின்னவன் சிறு சுத்தியலால் போல்ட்டின் தலையில் தட்டினான். கதவைத் தட்டி உள்ளே தூங்குகிறவரை எழுப்புவது போல, ஓங்காமல், ஆனால் விடாமல் தட்டினான். எண்ணெய் விட்டான். ஸ்பேனரை மாட்டி அழுத்தினான். மறுபடி வெந்நீர், மறுபடி தட்டல். வாசலில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் படியேறி அறைக்குள் ஒரு நாக்கை நீட்டியது. பம்ப் அறை தெருவை விட உயரம். இங்கேயே வந்துவிட்டதென்றால் அங்கே எவ்வளவு இருக்கும் என்று இரண்டு பேருமே மனசுக்குள் கணக்குப் போட்டார்கள்.

மூன்றாம் கெட்டில் கொதித்தது. ஸ்பேனர் வழுக்க ஆரம்பித்தது. "கிரீஸ் ரொம்ப இருக்கு," என்று சின்னவன் ஒரு துணியை டீசலில் நனைத்து போல்ட்டின் தலையை அழுத்தித் துடைத்தான். துடைத்தவன் கை அப்படியே நின்றது.

கிரீஸுக்கு அடியில் நீலக் கோடு. போல்ட்டின் தலையிலிருந்து பம்பின் உடம்பு வரைக்கும் ஒரே நேராக, மயிரிழை விரிசல் இல்லாமல். முடிவில் ஒரு சின்னக் கொக்கி.

அவன் டார்ச்சை எடுத்து எஞ்சினை ஒரு சுற்று பார்த்தான். மற்ற எல்லா போல்ட்டிலும் கொக்கி இல்லாத கோடுகள். திரும்ப வந்து இதன் மேல் வெளிச்சத்தை நிறுத்தினான்.

"இது அண்ணன் கோடு."

அவள் கெட்டிலைக் கீழே வைத்தாள்.

"திறக்கவே இல்ல."

"இல்ல."

"ரெண்டு வருஷமா."

"அது ஒண்ணுதான் தம்பி மிச்சம் இருந்துச்சு," என்றாள். சொன்ன பிறகு அந்த வார்த்தை அவள் காதுக்கே எங்கோ தூரத்திலிருந்து வந்தது போல இருந்தது. வெளியே ஒரு பிளாஸ்டிக் வாளி தண்ணீரில் மிதந்து, கதவில் முட்டி முட்டிப் போனது.

சின்னவன் போனை எடுத்து வீட்டுக்கு அடித்தான். மணி போனது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். இந்த முறை மணியே போகவில்லை. ஏதாவது சொல்லித் திட்டுவான் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கும் அந்த வாய் மூடியே இருந்தது. அவன் ஸ்பேனரை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"முதல்ல இறுக்குற பக்கம் தள்ளுங்க. மயிரளவு. அப்புறம் அவுக்குற பக்கம். சூடு ஆற விடாதீங்க. ஒடிச்சுடாதீங்க."

வாசலைத் தாண்டியதும் அவன் இடுப்பு வரைக்கும் தண்ணீரில் இறங்கினான். ஓடப் பார்த்தான். தண்ணீரில் யாராலும் ஓட முடியாது. மழை அவனை மறைத்தது.

பம்பக்கா தனியாக நின்றாள். வெந்நீர் ஊற்றினாள். தட்டினாள். இறுக்குகிற பக்கம் கொஞ்சம், அவிழ்க்கிற பக்கம் கொஞ்சம். உடம்பு முழுவதையும் அதன் மேல் போட்டு ஒரே தள்ளாகத் தள்ளிவிட வேண்டும் என்று தோளும் முதுகும் கெஞ்சின. கையை மட்டும் கட்டிப்போட்டாள். அவசரத்தில் இருப்பவளுக்கு மெதுவாகச் செய்யும் வேலையைப் போன்ற தண்டனை வேறு கிடையாது. ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் தீர்ந்துகொண்டே வந்தது. வெந்நீர் தெறித்து மணிக்கட்டில் கொப்புளம் எழுந்தது. போல்ட்டோடு பேச ஆரம்பித்தாள். முதலில் கெஞ்சினாள். பிறகு திட்டினாள். திட்டியது போல்ட்டை அல்ல. "போனவரு போனீங்க, இப்படியா இறுக்கிட்டுப் போவீங்க? வுடுங்க. வுட்டுத் தொலைங்க."

கிர்ரென்று ஒரு சத்தம் வந்தது. ஒடிந்துவிட்டது என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒடியவில்லை. கண்ணைத் திறந்தபோது நீலக் கோடு இரண்டாகியிருந்தது. பாதி போல்ட்டில், பாதி உடம்பில். நடுவே ஒரு நகக்கண் அளவுக்கு இடைவெளி.

அவள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. போல்ட்டைச் சுற்றி எடுத்தாள். வயிற்றுக்குள்ளிருந்த சல்லடையில் கறுப்பாகக் கூழ் அப்பியிருந்தது, இரண்டு வருஷத்துக் கசடு. டீசலில் அலசி, ஊதி, மறுபடி அலசினாள். மாட்டினாள், முறுக்கினாள். கைப்பம்பை அடித்துக் குழாயில் இருந்த காற்றை வெளியேற்றினாள். கைப்பிடியைச் சுற்றினாள். எஞ்சின் ஒருமுறை உறுமியது, இன்னொரு முறை உறுமியது, பிறகு பிடித்துக்கொண்டது. தகரக் கூரை நடுங்கியது. வெளியே பெரிய குழாயின் வாயிலிருந்து பழுப்புத் தண்ணீர் கரையைத் தாண்டி ஆற்றுக்குள் பாய்ந்தது.

அவளால் வீட்டைப் பார்க்க ஓட முடியவில்லை. தண்ணீர் பம்புக்குள் நுழையும் கம்பிக் கதவில் குப்பை வந்து அடைந்துகொண்டே இருந்தது. செருப்பு, தலையணை, இலை, யாருடைய வீட்டிலோ கழன்றுவந்த ஒரு நாற்காலிக் கால். வாரி வாரி எறியாவிட்டால் எஞ்சின் மறுபடி திணறும். அதனால் வாரினாள், எறிந்தாள், காதை வாசல் பக்கம் வைத்துக்கொண்டாள். எஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. அந்தச் சத்தம் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். கிழவருக்கும் கேட்டிருக்கும் என்று தனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள்.

வெளிச்சம் மங்கும்போது சின்னவன் பெண்டாட்டி வந்து வாசலில் நின்றாள். புடவை நெஞ்சு வரைக்கும் நனைந்து சேறாகியிருந்தது. ஒரு காலில் மட்டும் செருப்பு. உள்ளே வராமல் கதவைப் பிடித்துக்கொண்டாள். எஞ்சினுக்கு மேலே கத்த வேண்டியிருந்தது.

"அக்கா, மாமா போயிட்டாரு."

பம்பக்கா கையிலிருந்த குப்பை வாரியைக் கீழே வைக்கவில்லை.

"கட்டில் தூக்கிடுச்சு அக்கா. ஒரு பக்கமாச் சாஞ்சிடுச்சு. நான் தலையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன். பிடிச்சுக்கிட்டேதான் இருந்தேன். கை மரத்துப் போச்சு. அவரு வந்து சேந்தப்ப..." அவள் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எஞ்சின் சத்தம் கேட்டப்ப அவரு மாமாவை மடியில போட்டுக்கிட்டு தண்ணியில உக்காந்திருந்தாரு. பலகை அங்கேயே சாத்தி வச்சபடி இருக்கு அக்கா. தூக்க வந்தவங்க அவங்கவங்க வீட்டைப் பாக்க ஓடினப்ப எடுத்துக்கிட்டுப் போகல."

கம்பிக் கதவில் எதுவோ வந்து அடைத்தது. எஞ்சின் சுருதி இறங்கியது. பம்பக்கா குனிந்து அதை வாரி எறிந்தாள், சுருதி ஏறியது. வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"உங்களை வரவேணாம்னு சொல்லச் சொன்னாரு. எஞ்சினை நிறுத்தக் கூடாதாம். வீட்டுல தரை தெரியணும், அப்பத்தான் மாமாவைக் கீழ கிடத்த முடியும். இப்ப மேசை மேல வச்சிருக்கோம்."

"சரி."

"நான் போறேன் அக்கா."

"இரு. வேற ஏதாவது சொன்னானா?"

சின்னவன் பெண்டாட்டி யோசித்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது என்பது அந்த முகத்திலேயே இருந்தது. "கோடு போட்டீங்களான்னு கேக்கச் சொன்னாரு. என்ன கோடு அக்கா? இந்த நேரத்துல கோடு என்ன கோடுன்னு கேட்டேன். அவங்களுக்குத் தெரியும்னாரு."

"தெரியும்," என்றாள் பம்பக்கா. "நீ போ. அவன் பக்கத்துல இரு."

அவள் போன பிறகு பம்பக்கா அலமாரியைத் திறந்தாள். நீல டப்பா இருந்தது, மஞ்சள் டப்பா இருந்தது. இரண்டையும் தொடவில்லை. கீழ்த் தட்டில் இரும்புக் கதவுக்கு அடிக்கும் துருச் சிவப்பு இருந்தது. மூடியை ஸ்பேனரால் நெம்பித் திறந்து, பிரஷ்ஷைத் தோய்த்து, ஓடிக்கொண்டிருந்த எஞ்சினுக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள்.

முறுக்கிய பிறகு பழைய நீலத்தின் இரண்டு துண்டும் ஒன்றுக்கொன்று எதிரே வந்து நிற்கவில்லை. போல்ட்டில் இருந்தது ஒரு பக்கம், கொக்கி மறுபக்கம். அவள் எதையும் சுரண்டவில்லை. போல்ட்டின் தலையில் பிரஷ்ஷை வைத்து உடம்பை நோக்கி இழுத்தாள். எஞ்சினின் நடுக்கத்தில் கை நடுங்கியது. கோடு பாம்பாக வளைந்து, இரண்டு இடத்தில் திட்டாகப் பரவி, கீழே ஒரு சொட்டாக வழிந்தது. யார் போட்டது என்று யாரும் கேட்கத் தேவையில்லாத கோடு.

அதைத் துடைத்து நேராக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. குப்பை வாரியை எடுத்துக்கொண்டு கம்பிக் கதவுக்குப் போனாள். வீட்டில் இன்னும் தரை தெரியவில்லை.